அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் புதிய தாதி: முதலாவது ஆண்டுக்குப் பொறுப்பேற்பது யார்?

ஆண்டுதோறும் மே மாதம் 12 ஆம் திகதி சர்வதேச தாதியர் தினம் கொண்டாடப்படுகின்றது. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பிறந்த தினமான அன்று வைத்தியசாலைகளில் விளக்கேற்றப்படுகின்றது. தாதியரின் தியாகத்தைப் போற்றும் உரைகள் நிகழ்த்தப்படுகின்றன. பத்திரிகைகளும் வாழ்த்துச் செய்திகளைப் பிரசுரிக்கின்றன. தியாகம் போற்றப்படுவதில் தவறேதுமில்லை. ஆயினும், தியாகத்தைப் பற்றிப் பேசுகின்ற அளவுக்குப் பயிற்சியைப் பற்றி நாம் பேசுவதில்லை.

பட்டத்தையோ டிப்ளோமாவையோ பெற்று வெளியேறிய இளம் தாதி ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவில் முதன்முதலாகக் கடமையேற்கும் போது அவரை வழிநடத்துபவர் யார்? எவ்வளவு காலத்துக்கு அவ்வழிகாட்டல் நீடிக்கின்றது? தனித்து நிற்கும் தகுதியை அவர் அடைந்துவிட்டார் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? இந்த வினாக்கள் பொதுவெளியில் எழுப்பப்படுவது மிக அரிது. ஆனால், நள்ளிரவில் அந்த வாசலுக்குக் கொண்டுவரப்படும் எமது உறவினரின் உயிர் பல வேளைகளில் இவற்றுக்கான விடைகளிலேயே தங்கியிருக்கின்றது.

வைத்தியசாலையின் ஏனைய விடுதிகளுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் இடையில் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. விடுதியில் அனுமதிக்கப்படும் நோயாளரின் நோய் பெரும்பாலும் இனங்காணப்பட்டிருக்கும். வழங்கவேண்டிய மருந்தும் அவதானிக்கவேண்டிய குறிகளும் எழுதப்பட்டிருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரோ பெயரிடப்படாத நோயுடன் வருகின்றார். சில வேளைகளில் அவரது சொந்தப் பெயர்கூடத் தெரிவதில்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் போது முதலில் பார்க்கப்பட வேண்டியவர் யார் என்பதை அங்கு நிற்கும் தாதியே பல நாடுகளில் தீர்மானிக்கின்றார். அவுஸ்திரேலியாவில் நடைமுறையிலுள்ள ஐந்து படித்தர முறையின்படி, முதலாம் தரத்தவர் உடனடியாகவும், இரண்டாம் தரத்தவர் 10 நிமிடங்களுக்குள்ளும், மூன்றாம் தரத்தவர் 30 நிமிடங்களுக்குள்ளும், நான்காம் தரத்தவர் 60 நிமிடங்களுக்குள்ளும், ஐந்தாம் தரத்தவர் 120 நிமிடங்களுக்குள்ளும் சிகிச்சைக்கு உட்படுத்தப்பட வேண்டும். இரண்டாம் தரத்தவரை நான்காம் தரத்தவரெனத் தவறாகக் கணிப்பதன் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம்.

நெஞ்சுவலியுடன் வருபவருக்கு 10 நிமிடங்களுக்குள் இதய மின்வரைபு எடுக்கப்பட வேண்டும். மூளைக் குருதிக்குழாய் அடைப்பினால் பக்கவாதத்துக்கு உள்ளானவருக்குக் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலங்களுக்குள் வழங்குவதே பொதுவான விதியாகும். இதயம் நின்றவரின் மார்பு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவைகள் அழுத்தப்பட வேண்டும். இவை யாவும் பாடப்புத்தகத்தில் உள்ளவை; பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறக்கூடியவை. ஆயின் எந்த முகத்தைக் கண்டதும் இவற்றுள் எதனை நினைவுகூர வேண்டும் என்பதைப் பாடப்புத்தகம் கற்றுத்தருவதில்லை.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். வன்னியிலுள்ள விவசாயி ஒருவர் வயிற்றுவலி என்று கூறிக்கொண்டு அதிகாலையில் வருகின்றார். காய்ச்சல் இல்லை, காயமும் இல்லை. வேலைப்பளுவின் மத்தியில் நிற்கும் புதிய தாதி அவரை வாங்கில் அமரச் சொல்லக்கூடும். அனுபவம் மிக்க தாதியோ அவரது கண்ணிமைகள் சற்றுச் சரிந்திருப்பதைக் கவனிப்பார். இரவில் தரையில் படுத்துறங்கினாரா என்று வினவுவார். கட்டுவிரியன் பாம்பின் கடி வலியின்றியும் தெளிவான தடயமின்றியும் இருக்கக்கூடும் என்பதும், வயிற்றுவலியே அதன் முதல் அறிகுறியாக அமையக்கூடும் என்பதும், சில மணித்தியாலங்களில் சுவாசத் தசைகள் செயலிழக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். இந்த இருவருக்கும் இடையிலான தூரத்தைக் கடக்கப் புதியவருக்கு யாரேனும் உதவ வேண்டும்.

இரு வேறு வாசல்கள்

இத்தூரம் குறித்த ஆய்வுகள் புதியவையல்ல. 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மார்லின் கிரேமர், கல்லூரியில் கற்ற இலட்சியங்களுக்கும் வைத்தியசாலையின் யதார்த்தத்துக்கும் இடையில் புதிய தாதியர் எதிர்கொள்ளும் அதிர்ச்சியைப் பற்றி எழுதினார். அந்த அதிர்ச்சியே பலரைத் தொழிலை விட்டு வெளியேறச் செய்கின்றது என்பது அவரது வாதமாகும். பத்தாண்டுகளின் பின்னர், 1984 இல் பற்றீசியா பென்னர், ஒரு தாதி புதியவர் என்ற நிலையிலிருந்து நிபுணர் என்ற நிலையை அடைவதற்கு ஐந்து கட்டங்களைக் கடக்கின்றார் என விளக்கினார். புதியவர் விதிகளைப் பின்பற்றுகின்றார். நிபுணர் சூழ்நிலையை முழுமையாகக் காண்கின்றார் என்பது அவரது கருத்தின் சாரமாகும். பட்டம் பெறுவதோடு ஐந்து கட்டங்களும் நிறைவடைந்துவிடுவதில்லை.

அமெரிக்காவில் அவசர சிகிச்சைத் தாதியர் சங்கம் 1970 இல் உருவானது. அத்துறைக்கெனத் தனியான சான்றிதழ்ப் பரீட்சை 1980 இல் தொடங்கியது. நீண்டகாலமாக அங்கு பல வைத்தியசாலைகள், பொது விடுதியில் ஓரிரு ஆண்டுகள் பணியாற்றியவர்களையே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சேர்த்துக்கொண்டன. புதிய பட்டதாரிக்கு வாசல் மூடியிருந்தது. அனுபவமில்லாதவருக்கு இடமில்லை என்றால் அனுபவத்தை எங்கே பெறுவது என்ற கேள்வி அங்குள்ள இளந்தாதியரை வாட்டியது. ஆளணிப் பற்றாக்குறை அதிகரித்த போது அந்த வாசல் படிப்படியாகத் திறக்கப்பட்டது. ஆனால் நிபந்தனையின்றித் திறக்கப்படவில்லை. 2002 இல் அமெரிக்கத் தாதியர் கல்லூரிகளின் சங்கமும் பல்கலைக்கழக வைத்தியசாலைகளின் கூட்டமைப்பொன்றும் இணைந்து, புதிய பட்டதாரிகளுக்கு ஓராண்டு கால வதிவிடப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. இத்தகைய திட்டங்களில் அனுபவமுள்ள ஒருவர் வழிகாட்டியாக நியமிக்கப்படுவதும், புதியவர் பல வாரங்கள் அவருடனேயே கடமையாற்றி, நோயாளரின் பொறுப்பைச் சிறிது சிறிதாக ஏற்பதும் வழக்கமாகும்.

முதலில் விடுதியில் பணியாற்ற வேண்டுமா, நேரடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லலாமா என்ற விவாதம் அங்கு இன்னமும் ஓயவில்லை. விடுதி அனுபவம் அடித்தளத்தை அமைக்கும் என்பர் ஒரு சாரார். விடுதியின் வேகத்துக்குப் பழகியவர் மீண்டும் புதிதாகக் கற்கவேண்டியிருக்கும் என்பர் மறு சாரார். இரு வாதங்களிலும் நியாயமுண்டு. ஆனால் இரு சாராரும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றனர்: புதியவரைத் தனியே விடலாகாது.

எமது நாட்டின் நிலைமை இதற்கு நேர்மாறானது. இங்கு வாசல் மூடியிருக்கவில்லை; காவலின்றித் திறந்திருக்கின்றது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு உட்பட நாட்டின் பல பாகங்களிலுமுள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்றாண்டு டிப்ளோமா பெறுபவரும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கிழக்குப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் நான்காண்டு பட்டம் பெறுபவரும் பொதுத் தாதியராகவே உருவாக்கப்படுகின்றனர். நியமனக் கடிதம் வைத்தியசாலையைத் தீர்மானிக்கின்றது. வைத்தியசாலைக்குள் எந்தப் பிரிவு என்பதைப் பெரும்பாலும் அன்றைய வெற்றிடமே தீர்மானிக்கின்றது. அவசர சிகிச்சைப் பிரிவில் ஆளில்லையெனில் புதியவர் அங்கு செல்வார். அது அவரது விருப்பமா, அதற்கு அவர் ஆயத்தமானவரா என்பன இரண்டாம்பட்சமாகிவிடுகின்றன. அருகில் கனிவான மூத்த தாதி ஒருவர் வாய்த்தால் அவர் கற்றுக்கொள்வார். வாய்க்காவிடின் தவறுகளின் மூலம் கற்றுக்கொள்வார். அத்தவறுகளின் விலையைச் செலுத்துவோர் நோயாளர்களே.

ஒருபுறம் மூடிய வாசல், மறுபுறம் காவலற்ற வாசல். பார்வைக்கு எதிரெதிரானவை போலத் தோன்றினும் இவ்விரண்டும் ஒரே குறைபாட்டின் இரு முகங்களாகும். கல்லூரி தன் கடமை முடிந்ததென்று கருதுகின்றது. வைத்தியசாலை ஆயத்தமான ஒருவரை எதிர்பார்க்கின்றது. இடையிலுள்ள அந்த முதலாவது ஆண்டு எவருக்கும் சொந்தமில்லாததாகிவிடுகின்றது.

பாதை குறுகியது, வாசல் அகலவில்லை

கடந்த சில ஆண்டுகளில் அவசர சிகிச்சையின் ஒரு பகுதி வெகுவாக முன்னேறியிருப்பதை மறுப்பதற்கில்லை. இந்தியாவின் நன்கொடையுடன் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்ட 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, 2018 இல் வட மாகாணத்துக்கும் விரிவடைந்து பின்னர் நாடு முழுவதையும் எட்டியது. அவசர மருத்துவம் தனியானதொரு விசேட துறையாக ஏற்கப்பட்டு, அதற்கான வைத்திய நிபுணர்களும் உருவாகி வருகின்றனர். முன்னர் முச்சக்கரவண்டியிலும் உழவு இயந்திரத்திலும் ஏற்றிவரப்பட்ட நோயாளர் இன்று ஒட்சிசனுடன் வந்து சேர்கின்றார். வழியிலேயே இறந்திருக்கக்கூடிய ஒருவர் இன்று உயிருடன் வாசலை அடைகின்றார். இதன் தர்க்கரீதியான விளைவு, வாசலில் நிற்கும் தாதியின் பொறுப்பு முன்னரிலும் பன்மடங்கு அதிகரித்திருப்பதாகும். வாகனத்துக்கும் கட்டடத்துக்கும் நிதி தேடிய அக்கறை, அந்த நோயாளரைக் கையேற்கும் கரங்களைப் பழக்குவதிலும் காட்டப்பட வேண்டும்.

இதற்கிடையில் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி சுகாதாரத் துறையைக் கடுமையாகப் பாதித்தது. வாழ்க்கைச் செலவு பன்மடங்காகியது. அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்வதற்கு அந்த ஆண்டிலேயே வழி திறக்கப்பட்டது. வைத்தியர்களும் தாதியரும் கணிசமான எண்ணிக்கையில் வெளியேறினர். அவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலகில் சுமார் 58 இலட்சம் தாதியருக்குப் பற்றாக்குறை நிலவுகின்றது. செல்வந்த நாடுகள் அந்த இடைவெளியை நிரப்ப எம்மைப் போன்ற நாடுகளை நோக்குகின்றன. வளைகுடா நாடுகளின் வைத்தியசாலைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டு கால அனுபவத்தை எதிர்பார்க்கின்றன. அதாவது, புதியவர் எம்மவரின் உயிர்களின் மீது கற்றுத் தேர்ந்து, தனித்து இயங்கக்கூடிய நிலையை எட்டும் தருணத்திலேயே புறப்படுகின்றார். அவரது இடத்துக்கு இன்னொரு புதியவர் வருகின்றார்.

சம்பளம் மட்டுமே இவ்வெளியேற்றத்துக்குக் காரணமெனக் கொள்வது தவறாகும். வழிகாட்டலின்றி விடப்பட்டவர், தான் செய்த தவறையும் செய்யாத தவறையும் எண்ணி உறக்கமிழக்கின்றார். கூட்டமாக வந்து ஆத்திரப்படும் உறவினர்களின் வசவுகளை அவரே முதலில் எதிர்கொள்கின்றார். முதலாவது ஆண்டில் கைவிடப்பட்டவரிடம் பின்னர் நாட்டுப்பற்றை எதிர்பார்ப்பதில் பயனில்லை.

ஓய்வுபெறும் அனுபவம்

வடக்கு, கிழக்கைப் பொறுத்தவரை இந்தப் பிரச்சினைக்கு மேலும் ஒரு பரிமாணம் உண்டு. யுத்த காலத்தில் இப்பகுதி வைத்தியசாலைகளில் பணியாற்றிய தாதியர், உலகின் எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்க முடியாத பாடங்களைக் கற்றவர்கள். மின்சாரமின்றி, மருந்துத் தட்டுப்பாட்டுடன், ஒரே நேரத்தில் கொண்டுவரப்பட்ட பெருந்தொகையான காயக்காரர்களை அவர்கள் பராமரித்தனர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கரையோரத்தைச் சூறையாடிய போதும், 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த போதும் அவர்களுள் பலரே வாசலில் நின்றனர். யாரை முதலில் தூக்குவது, யாருக்கு ஆறுதல் மாத்திரமே கூறமுடியும் என்ற கொடிய தெரிவுகளை அவர்கள் செய்திருக்கின்றனர்.

1990களின் தொடக்கத்தில் சேவையில் இணைந்த அந்தத் தலைமுறை இன்று ஓய்வின் விளிம்பில் நிற்கின்றது. அவர்களுக்குப் பிரியாவிடை வைபவம் நடத்தப்படுகின்றது, பொன்னாடை போர்த்தப்படுகின்றது. ஆனால் அவர்களின் அறிவு எழுதப்படுவதில்லை, முறையாகக் கையளிக்கப்படுவதுமில்லை. முப்பதாண்டு அனுபவம் ஒரு மாலைப்பொழுதில் வீட்டுக்குச் சென்றுவிடுகின்றது. மறுநாள் காலை அதே வாசலில் இருபத்துநான்கு வயதுடைய ஒருவர் நிற்கின்றார். வழிகாட்டித் தாதியரை எங்கே தேடுவது என்று கேட்போருக்கு இங்கேயே விடை இருக்கின்றது.

மொழியும் உயிரும்

தமிழ் பேசும் மக்கள் அலட்சியப்படுத்த முடியாத மற்றொரு விடயம் மொழியாகும். ஏனைய பிரிவுகளில் மொழித்தடை அசௌகரியத்தைத் தரும். அவசர சிகிச்சைப் பிரிவில் அது ஆபத்தைத் தரும். "நெஞ்சு எரியுது" என்பதற்கும் "நெஞ்சு இறுக்குது" என்பதற்கும் இடையில் மருத்துவரீதியாகப் பெரும் வேறுபாடுண்டு. மாரடைப்புக்கு உள்ளானவர்களுள் சிலர் "வாய்வு பிடிச்சிருக்கு" என்றே கூறுகின்றனர். "தலை சுத்துது" என்பது பசியாகவும் இருக்கலாம். பக்கவாதத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். நுவரெலியாவிலோ பதுளையிலோ தோட்டத் தொழிலாளி ஒருவர் கூறுவது சிங்களம் மட்டுமே அறிந்த தாதிக்கு விளங்காவிடின், எந்தத் தரப்படுத்தல் முறையும் பயன்தராது. அவ்வாறே, வடக்கு, கிழக்கில் நியமனம் பெற்றுவரும் சிங்களத் தாதியரின் சிரமமும் புரிந்துகொள்ளப்பட வேண்டியதே. தென்பகுதி வைத்தியசாலைகளில் கடமையேற்கும் தமிழ், முஸ்லிம் தாதியருக்கும் இது பொருந்தும்.

1987 இன் 13 ஆவது திருத்தச் சட்டம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை, புதிதாக அரச சேவையில் இணைவோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றைய மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என விதித்தது. ஐந்து ஆண்டுகள் என்பது அலுவலகக் கோப்பைப் பொறுத்தவரை நியாயமான காலமாக இருக்கலாம். மார்வலியுடன் வருபவருக்கு இருப்பதோ 10 நிமிடங்கள். எனவே அவசர சிகிச்சைப் பிரிவில் கடமையேற்பவருக்கு நோய்க்குறிகளை வினவுவதற்கான பேச்சுமொழிப் பயிற்சி முதல் வாரத்திலேயே வழங்கப்பட வேண்டும். இலக்கணமும் எழுத்துத் தேர்வும் பின்னர் வரட்டும்.

செய்யக்கூடியவை

இவற்றுக்கெல்லாம் பெருந்தொகை நிதி தேவை என்று கைவிரிப்பது இலகு. ஆனால் அவசியமானவற்றுள் பல, ஒழுங்கமைப்பை மாத்திரமே வேண்டிநிற்கின்றன. முதலாவது, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பப்படும் புதிய தாதி எவரும் குறைந்தபட்சம் மூன்று மாதங்களுக்குத் தனித்துக் கடமையாற்றலாகாது என்பது விதியாக்கப்பட வேண்டும். இரண்டாவது, அவருக்கெனப் பெயர் குறிப்பிடப்பட்ட வழிகாட்டி ஒருவர் இருக்க வேண்டும். அந்த வழிகாட்டலுக்காக மூத்த தாதியருக்குக் கொடுப்பனவும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். ஓய்வுபெற்றவர்களுள் விரும்புவோரை ஒப்பந்த அடிப்படையில் பயிற்றுநர்களாக அமர்த்தலாம். மூன்றாவது, புதியவர் கற்கவேண்டிய திறன்களின் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். இதயமீட்பு, சுவாசப் பாதைப் பராமரிப்பு, மின்வரைபு எடுத்தலும் ஆபத்தான மாற்றங்களை இனங்காணலும், மருந்தளவுக் கணிப்பு, பாம்புக்கடியும் நஞ்சேற்றமும், சிறுவர் அவசர நிலை என்பன அதில் அடங்கும். ஒவ்வொன்றிலும் தேறிய பின்னரே அடுத்த பொறுப்பு வழங்கப்பட வேண்டும். நான்காவது, போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழும் ஆதார வைத்தியசாலைகள் பல மாகாண நிர்வாகத்தின் கீழும் இயங்குவதால், இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும். கல்முனைக்கோ காத்தான்குடிக்கோ மன்னாருக்கோ நியமிக்கப்படும் புதியவர், கொழும்புக்கு நியமிக்கப்படுபவரிலும் குறைந்த பயிற்சியுடன் நிற்க நேரிடலாகாது.

இத்துறையை விரும்பும் புதிய பட்டதாரிகளும் விதியின் மீது பாரத்தைப் போட்டுவிட்டு இருத்தலாகாது. மாணவப் பருவத்திலேயே அவசர சிகிச்சைப் பிரிவில் மேலதிகப் பயிற்சி நாட்களைக் கேட்டுப் பெறலாம். வைத்தியரிடம் நோயாளரின் நிலைமை, பின்னணி, தனது மதிப்பீடு, வேண்டுகோள் என்ற ஒழுங்கில் ஒரு நிமிடத்துக்குள் விடயத்தைக் கூறப் பழகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, "எனக்குத் தெரியாது, வந்து பாருங்கள்" என்று கூறும் துணிவை வளர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வாசலில் அறியாமையிலும் ஆபத்தானது, அறியாமையை மறைப்பதாகும். அவ்வாறு கேட்பவரை ஏளனம் செய்யாத பண்பை மூத்தவர்களும் பேண வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இரவுக் கடமை, அவசரப் பிரிவு என்றவுடன் பெண்பிள்ளைகளைத் தடுக்கும் தயக்கம் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் இன்னமும் காணப்படுகின்றது. அந்தக் கவலை இயல்பானதே. பாதுகாப்பான போக்குவரத்தும் தங்குமிடமும் கேட்டுப் பெறப்பட வேண்டிய உரிமைகள். ஆனால் எமது தாயோ சகோதரியோ வலியுடன் செல்லும் வேளையில், தன் மொழியில் கூச்சமின்றிப் பேசக்கூடிய ஒரு தாதி அங்கு இருக்க வேண்டும் என எதிர்பார்க்கும் நாம், எமது பிள்ளைகளை அப்பணிக்கு அனுப்பத் தயங்குவது முரண்பாடாகும்.

தாதியர் தினத்தில் ஏற்றப்படும் விளக்கு அழகானது. எனினும் நைற்றிங்கேல் அம்மையார் விளக்கேந்தியதோடு நின்றுவிடவில்லை. 1860 இல் லண்டனில் தாதியருக்கான பயிற்சிப் பாடசாலையை நிறுவினார். இரக்கம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அடுத்த தாதியர் தினத்தில் வாழ்த்துரை வழங்கவிருக்கும் அமைச்சரும் செயலாளரும் பணிப்பாளர்களும் ஒரு வினாவுக்கு மாத்திரம் விடையளிப்பார்களாயின் அதுவே தாதியருக்குச் செய்யும் உண்மையான கௌரவமாகும்: இன்றிரவு அவசர சிகிச்சைப் பிரிவில் முதன்முறையாகக் கடமையேற்கும் அந்த இளந்தாதியின் அருகில் நிற்பவர் யார்?